கோப்பியும் சீனியும்

அங் மோ கியோ வட்டாரத்தில் உள்ள ஓர் அடுக்குமாடி வீடு. அதன் வரவேற்பறையில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில், ஒரு சிறிய கூண்டு இருந்தது. அதற்குள் இரண்டு குருவிகள். ஒன்றின் உடல் முழுவதும் பழுப்பு நிறம். மற்றொன்று வெள்ளை, அதன் சிறகுகளில் மட்டும் பழுப்புத் திட்டுகள் இருந்தன. அந்த வீட்டுப் பேத்தி முதல் குருவிக்குக் ‘கோப்பி’ என்றும் இரண்டாவதற்குச் ‘சீனி’ என்றும் பெயர் சூட்டியிருந்தாள். அவள் உயர்நிலை இரண்டில் படிப்பவள். குருவிகள் அவளுடைய பிறந்தநாளுக்குத் தாத்தா வாங்கித் தந்த பரிசு.

இவ்வகைக் குருவியைச் ‘சொசைட்டி ஃபின்ச்’ என்பார்கள். அலகு முதல் வால் நுனி வரை அளந்தால் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர்தான் இருக்கும். சிங்கப்பூரின் புல்வெளிகளில் கூட்டமாக வந்து இறங்கிப் புல்விதைகளைத் தின்னும் புள்ளிச் சில்லைக்கு இது உறவு. ஆனால், சொசைட்டி ஃபின்ச்சைக் காட்டில் எங்கும் காண முடியாது. வெண்முதுகுச் சில்லை என்னும் காட்டுப் பறவையைச் சீனாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டு சென்று, அங்கே ஏறத்தாழ 250 ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்ததால் உருவானதே இது. கோழியைப் போல் இதுவும் மனிதனோடு வாழப் பழகிவிட்ட வீட்டுப் பறவை.

பிறந்தநாள் முடிந்து மூன்று மாதங்கள் ஆயின. பேத்தியின் பொறுமை குறையத் தொடங்கியது.

“தாத்தா, இவை எப்போது முட்டையிடும்? எப்போது குஞ்சு பொரிக்கும்? வகுப்பில் எல்லாரும் கேட்கிறார்கள்” என்றாள்.

தாத்தா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். இளமையில் அவரும் பறவை வளர்த்தவர். இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கெபுன் பாருவுக்கு நடந்துபோவார். அங்குள்ள திடலில், உயரமான கம்பங்களின் உச்சியில் கூண்டுகளை ஏற்றிவைத்து, பறவைகளின் பாட்டைக் கேட்டுக்கொண்டு பலர் அமர்ந்திருப்பார்கள். அவர்களோடு அவரும் அமர்ந்துவிட்டு வருவார்.

“முட்டையிட வேண்டுமானால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேண்டுமே. இவற்றில் எது ஆண், எது பெண் என்று உனக்குத் தெரியுமா?” என்று தாத்தா திருப்பிக் கேட்டார்.

“கடைக்காரர் சோடி என்றுதானே சொன்னார்?”

“சொன்னார். ஆனால், இந்தக் குருவியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது கண்ணு. காதால்தான் கேட்க வேண்டும்.”

ஆண் குருவி மட்டுமே பாடும். பாடும்போது மார்பை உப்பிக்கொண்டு, மெல்லத் துள்ளித் துள்ளி ஆடும். பெண் குருவி கூப்பிடும், ஆனால் பாடாது. தாத்தா இதைச் சொன்னதும் பேத்தி ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டாள். பள்ளி முடிந்து வந்தபின் நாள்தோறும் அரை மணி நேரம் கூண்டுக்கு முன்னால் அமர்ந்தாள். கோப்பி முதல் நாளே பாடியது. சீனி ஒன்பது நாள்களாகியும் பாடவில்லை. பத்தாம் நாள், “கோப்பி ஆண். சீனி பெண்” என்று பெரிய எழுத்துகளில் எழுதித் தாத்தாவிடம் காட்டினாள்.

“சரி, சோடி இருக்கிறது. ஆனாலும், இவை முட்டையிடவில்லையே, ஏன்? இந்த இடத்தை ஒரு குருவியின் கண்ணால் பார்த்துச் சொல்” என்றார் தாத்தா.

பேத்தி சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் இரவு பதினோரு மணி வரை ஒளிரும் தொலைக்காட்சி. வீட்டில் உள்ள ஐந்து பேரும் கூண்டைக் கடந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும். நான்கு பக்கமும் திறந்த கூண்டு. உள்ளே ஒளிந்துகொள்ள ஓர் இடம்கூட இல்லை.

“எனக்கே இங்கே தூக்கம் வராது தாத்தா” என்றாள்.

தாத்தா சிரித்தார். “முட்டையிடு என்று குருவிக்கு நாம் கட்டளையிட முடியாது. ‘இங்கே பயமில்லை, குஞ்சுகளை வளர்க்கலாம்’ என்று அதற்கே தோன்ற வேண்டும். அப்படித் தோன்றுவதற்கு வேண்டியதைச் செய்வது மட்டும்தான் நம் வேலை.”

அந்த வாரமே இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். 75 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கூண்டை வாங்கினார்கள். குருவிகள் மேலும் கீழும் பறப்பதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் பறக்கும். ஆகையால், கூண்டுக்கு உயரத்தைவிட நீளமே முக்கியம். அதை ஓர் அமைதியான மூலையில், பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்குமாறு வைத்தார்கள். சமையல் புகை எட்டாத, மின்விசிறிக் காற்று நேராக வீசாத, நண்பகல் வெயில் படாத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இரவு எட்டு மணிக்குமேல் அந்த மூலையில் விளக்கு எரியக்கூடாது என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கூண்டின் மேற்பகுதியில் ஒரு சிறிய மரப்பெட்டியைப் பொருத்தினார்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். முன்பக்கத்தின் மேல் பாதி மட்டும் திறந்திருந்தது. கூடு கட்டுவதற்காக உலர்ந்த புல்லையும் தேங்காய் நாரையும் கூண்டின் தரையில் பரப்பினார்கள். பேத்தி ஆர்வத்தோடு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வண்ண நூல்களை எடுத்து வந்தாள். தாத்தா அவளைத் தடுத்தார்.

“நூல் வேண்டாம் கண்ணு. குருவியின் காலில் சுற்றிக்கொண்டால் அதனால் அவிழ்க்க முடியாது. இறுகி இறுகிக் காலே போய்விடும். நம் கண்ணுக்கு அழகாக இருப்பதெல்லாம் அதற்கு நல்லது என்று சொல்ல முடியாது.”

உணவும் மாறியது. அதுவரை தினையும் கேனரி விதையும் மட்டுமே கொடுத்து வந்தார்கள். இப்போது கழுவிய கீரையும், ஓட்டோடு நசுக்கிய அவித்த முட்டையும் சேர்ந்துகொண்டன. வெப்பத்தில் அவித்த முட்டை விரைவில் கெட்டுவிடும். எனவே, காலையில் வைப்பதை இரண்டு மணி நேரத்திற்குள் எடுத்துவிடுவது தாத்தாவின் பொறுப்பானது. கூண்டின் கம்பியில் கணவாய் ஓடு ஒன்றும் தொங்கியது.

“இது எதற்கு தாத்தா?”

“சுண்ணாம்புச் சத்துக்காக. முட்டை ஓடு உருவாக அதுதான் வேண்டும். உணவில் அது போதாவிட்டால், பெண் குருவி தன் எலும்பில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். அதுவும் குறைந்தால் ஓடு சரியாக அமையாது. முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் குருவி பிழைப்பது கடினம். அதனால்தான் முட்டையிடும் முன்பே தாயின் உடம்பைத் தேற்ற வேண்டும். சீனிக்கு ஏறத்தாழ ஒரு வயது ஆகட்டும் என்று நான் காத்திருந்ததும் அதற்காகத்தான்.”

நான்கு நாள்கள் வரை குருவிகள் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் கோப்பி ஒரு புல்லைக் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் நுழைந்தது. அதன்பின் ஓயவே இல்லை. ஒரு புல், ஒரு நார், மீண்டும் ஒரு புல். சீனி உள்ளே அமர்ந்து, வட்டமாகச் சுழன்று, நடுவில் ஒரு குழியை உருவாக்கியது. பன்னிரண்டாம் நாள் காலையில் முதல் முட்டை கிடந்தது. வெண்மையாக, கட்டைவிரல் நகத்தளவே இருந்தது. பிறகு நாளுக்கு ஒன்றாக மொத்தம் ஐந்து முட்டைகள்.

பேத்தியின் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. காலையில் எழுந்ததும் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். பள்ளிக்குப் புறப்படும் முன் இன்னொரு முறை. திரும்பி வந்ததும் மற்றொரு முறை. “அடிக்கடி திறக்காதே” என்று தாத்தா சொல்லத்தான் செய்தார். “ஒரே ஒரு முறைதான் தாத்தா” என்பாள். அந்த ‘ஒரே ஒரு முறை’ ஒவ்வொரு நாளும் பல முறை வந்தது.

ஒரு சனிக்கிழமை, தாத்தா வெளியே சென்றிருந்தபோது, தோழிகள் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். நால்வரும் கூண்டைச் சூழ்ந்துகொண்டார்கள். பேத்தி பெட்டியைத் திறந்தாள். அடைகாத்துக்கொண்டிருந்த சீனி மிரண்டு வெளியே பறந்தது. கைத்தொலைபேசிகளின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னின. கோப்பி கூண்டின் மறுகோடியில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அன்று மாலை குருவிகள் பெட்டிக்குள் போகவில்லை. இரவும் வெளியிலேயே, தரையோரக் குச்சியில், ஒன்றையொன்று ஒட்டியபடி உறங்கின. மறுநாள் முழுவதும் அப்படியே கழிந்தது. சொசைட்டி ஃபின்ச் பெற்றோராக இருப்பதில் பெயர் பெற்ற பறவை. வேறு வகைக் குருவிகளின் முட்டைகளையும்கூட அடைகாத்து, குஞ்சுகளை வளர்த்துக் கொடுக்கும். அதனாலேயே பறவை வளர்ப்போர் பலர் இதைச் செவிலித்தாயாகப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட குருவிகளே தங்கள் கூட்டைத் துறந்துவிட்டன.

ஞாயிறு இரவு, அறை விளக்கை அணைத்துவிட்டு, தாத்தா சிறிய கைவிளக்கின்மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தார். பேத்தி அவர் அருகில் நின்றாள். இரண்டு முட்டைகள் உள்ளே ஏதுமின்றித் தெளிவாக இருந்தன. மற்ற மூன்றிலும் தலைமுடியைப் போன்ற மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரிந்தன. ஆனால், முட்டைகள் மூன்றும் குளிர்ந்துபோயிருந்தன.

“இவை குஞ்சாகியிருக்குமா தாத்தா?”

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. “ஆகியிருக்கலாம்” என்றார்.

“என்னால்தானே?”

‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால், தாத்தா பொய் சொல்லவில்லை.

“இது அவற்றுக்கு முதல் கூடு. முதல் முறை பல குருவிகள் தடுமாறும். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், நீ பெட்டியைத் திறந்ததும் ஒரு காரணம்தான். ஆசையால் செய்தாய் என்று எனக்குத் தெரியும். குருவிக்குத் தெரியாதே! அதற்குத் தெரிந்ததெல்லாம், தன் கூட்டுக்குள் ஒரு பெரிய கை வருகிறது என்பது மட்டும்தான்.”

பேத்தி அன்றிரவு குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் தாத்தா பெட்டியைக் கழற்றினார். “மறுபடியும் முட்டையிடும் முன் சீனியின் உடம்பு தேற வேண்டும். ஆறு வாரம் ஓய்வு கொடுப்போம்” என்றார். அந்த ஆறு வாரங்களும் கூண்டைத் துப்புரவு செய்வது, தண்ணீர் மாற்றுவது, குருவிகள் குளிக்கத் தட்டில் நீர் வைப்பது எல்லாமே பேத்தியின் வேலைகளாயின. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், மெதுவாக, சத்தமின்றிச் செய்தாள். முதலில் அவள் கையைக் கண்டதும் குருவிகள் மறுகோடிக்குப் பறந்தன. நான்காம் வாரத்தில், அவள் தட்டை வைத்துக் கையை எடுப்பதற்குள் கோப்பி குளிக்க வந்துவிட்டது.

இதற்கிடையில் பள்ளியில் தேர்வு நெருங்கியது. பேத்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அம்மா கதவைத் திறந்தார். “படிக்கிறாயா?” என்று ஒருமுறை. “மைலோ வேண்டுமா?” என்று மறுமுறை. “எத்தனை பாடம் முடிந்தது?” என்று இன்னொரு முறை.

“அம்மா! நீங்கள் இப்படி அடிக்கடி திறந்து பார்த்தால் நான் எப்படிப் படிப்பது?”

சொல்லி முடித்ததும் அவள் சட்டென்று நிறுத்தினாள். திறந்த கதவின் வழியே, மூலையில் இருந்த கூண்டு தெரிந்தது. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த தாத்தா தலையை நிமிர்த்தவில்லை. ஆனால், அவர் உதட்டோரம் ஒரு புன்னகை எட்டிப் பார்த்தது.

ஆறு வாரம் கழித்து மரப்பெட்டி மீண்டும் கூண்டுக்குள் வந்தது. இம்முறை குருவிகள் தயங்கவில்லை. பத்து நாள்களுக்குள் ஐந்து முட்டைகள் இருந்தன. பேத்தி தரையில், கூண்டிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில், ஒரு நாடாவை ஒட்டினாள். “உணவும் தண்ணீரும் வைக்கும்போது மட்டும்தான் இதைத் தாண்டுவேன்” என்றாள். குருவிகள் இரண்டும் உண்பதற்காக வெளியே வரும் நேரத்தில் தாத்தா மட்டும் ஒரு நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். ஏதேனும் தவறு நேர்ந்தால் தெரிய வேண்டும் அல்லவா?

நாடாவுக்கு இப்பால் அமர்ந்திருந்தபோது, முன்பு பெட்டியைத் திறந்து பார்த்த காலத்தில் தெரியாத பல செய்திகள் பேத்திக்குத் தெரிந்தன. பகலில் கோப்பியும் சீனியும் முறை வைத்து அடைகாத்தன. ஒன்று வெளியே வந்து உண்ணும். மற்றொன்று உள்ளே போகும். இரவில் இரண்டும் ஒன்றாகப் பெட்டிக்குள் உறங்கின. குறிப்பேட்டின் பக்கங்கள் நிரம்பின.

பதினாறாம் நாள் காலை. கூண்டின் தரையில் உடைந்த ஓட்டின் பாதி கிடந்தது. பேத்தியின் கால்கள் நாடாவரை ஓடி அங்கேயே நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பெட்டிக்குள்ளிருந்து நூலிழை போன்ற ஒரு மெல்லிய ஒலி வந்தது. அவள் தாத்தாவின் கையைப் பற்றிக்கொண்டாள். இருவரும் பேசவில்லை.

ஐந்தில் நான்கு முட்டைகள் பொரித்தன. நாள் செல்லச் செல்ல மெல்லிய ஒலி பெரும் கூச்சலாக மாறியது. கோப்பியும் சீனியும் இரை ஊட்டி ஓய்ந்துபோயின. அவித்த முட்டைத் தட்டு வைத்த சிறிது நேரத்திலேயே காலியானது. ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு தலை வெளியே எட்டிப் பார்த்தது. அடுத்த மூன்று நாள்களில் நான்கு குஞ்சுகளும் தட்டுத்தடுமாறிப் பறந்து வெளியே வந்தன. மாலையானதும் குஞ்சுகளும் பெற்றோருமாக ஆறு குருவிகளும் அந்தச் சிறிய பெட்டிக்குள்ளேயே முண்டியடித்துக்கொண்டு உறங்கச் சென்றன. கூடி வாழ்வதில் இவற்றுக்கு அத்தனை விருப்பம். ஜப்பானிய மொழியில் இக்குருவியின் பெயரை எழுதும் எழுத்துகளுக்குப் ‘பத்துச் சகோதரிகள்’ என்று பொருள்.

குஞ்சுகள் தாமாகவே விதை உடைத்துத் தின்னப் பழகுவதற்குள் மேலும் மூன்று வாரங்கள் ஆயின. அப்போது பேத்தி கேட்டாள்: “தாத்தா, அடுத்த முட்டைகள் எப்போது?”

“நாம் விட்டால் அடுத்த வாரமே. பெட்டி இருக்கும்வரை இவை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். சீனிக்கு ‘போதும்’ என்று சொல்லத் தெரியாது. அதன் உடம்பு தேய்ந்துகொண்டே போகும். அதுமட்டுமா? இந்த நான்கும் எங்கே போகும்? இன்னும் நான்கு பிறந்தால் அவை எங்கே போகும்?”

“வெளியே பறக்கவிட்டால்?”

“இவை காட்டை அறியாதவை. இரை தேடத் தெரியாது; எதிரியைக் கண்டு ஒளியத் தெரியாது. வெளியே விடுவது விடுதலை ஆகாது கண்ணு; கைவிடுவதாகும். செல்லப்பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படியும் குற்றம்.”

பேத்தி வெகுநேரம் யோசித்தாள். பெரிய கூண்டில் மேலும் இரண்டு குருவிகளுக்கு இடம் இருந்தது. மற்ற இரண்டையும் தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். அன்று கைத்தொலைபேசியோடு வந்த தோழிகளில் அவளும் ஒருத்தி. பேத்தி உடனே கொடுத்துவிடவில்லை. “உன் கூண்டின் நீளம் எவ்வளவு? எங்கே வைப்பாய்? விடுமுறையில் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று கேள்விகளை அடுக்கினாள். தோழியின் வீட்டுக்கே சென்று இடத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சம்மதித்தாள்.

குஞ்சுகளைக் கொடுத்த மறுநாள், தாத்தா பெட்டியைக் கழற்ற எழுந்தார். “நானே எடுக்கிறேன் தாத்தா” என்று பேத்தி முன்னால் வந்தாள். நாடாவைத் தாண்டி, கூண்டின் கதவை மெல்லத் திறந்தாள். கோப்பியும் சீனியும் குச்சியில் அமர்ந்து அவளைப் பார்த்தன, பறந்து ஒதுங்கவில்லை. பெட்டியை வெளியே எடுத்து, பழைய புல்லை அகற்றி, வெந்நீரில் கழுவி, சன்னலோரம் வெயிலில் காயவைத்தாள்.

மாலையில் பெட்டியை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள். தேதியைக் குறித்து, அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதினாள்: “இன்று முதல் சீனிக்கு ஓய்வு.”